கல்லை எடுத்த பிறகு

அறுவை மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றையே எழுதுகின்றனர். முதன்முதலில் கீறியவர் யார், எந்தக் கருவியைக் கையாண்டார், எத்தனை நிமிடங்களில் முடித்தார் என்பவையே பக்கங்களை நிரப்புகின்றன. கட்டிலுக்குத் திரும்பிய நோயாளி அதன் பின்னர் என்ன ஆனார்? எப்போது எழுந்தார், என்ன உண்டார், எத்தனை நாள் கழித்து ஏரைப் பிடித்தார், மருத்துவரிடம் மறுபடி சென்றாரா? இவற்றைச் சொல்லும் வரலாறு அருகியே காணப்படுகிறது. ஆனால் சிறுநீர்ப் பாதையில் செய்யப்படும் அறுவையைப் பொறுத்தவரை, உயிர்கள் காக்கப்பட்டதும் இழக்கப்பட்டதும் பெரும்பாலும் இந்தப் பின்னாட்களில்தான். அந்த வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

மேல்சித்தாமூரும் நெருஞ்சி வேரும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்துள்ள ஊர். பார்சுவநாதர் கோயிலும் பாறைச் சிற்பங்களும் உடையது. சமணர் போற்றும் நான்கு தானங்களுள் உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தும் ஒன்று. நோயுற்றவருக்கு மருந்து கொடுப்பதை அறமாக வகுத்த அம்மரபினர், தமிழ் நூல்களுக்கும் மருந்துகளின் பெயரையே சூட்டினர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்னும் இரண்டும் அத்தகையவை.

சிறுபஞ்சமூலம் என்பது ஐந்து சிறு வேர்களைக் குறிக்கும். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்பன அவை. இவற்றுள் நெருஞ்சி நம் கட்டுரைக்கு நெருங்கிய உறவுடையது. சிறுநீர் தாராளமாக இறங்க வேண்டியும், 'கல்லடைப்பு', 'நீர்க்கடுப்பு' என்று நம் மக்கள் அழைக்கும் துன்பங்களுக்காகவும் நெருஞ்சியும் சிறுபீளையும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்துள்ளன. அறநூலின் பெயரிலேயே சிறுநீர் நோய்க்கான வேர் ஒன்று இடம் பெறுகிறது என்றால், அந்த நோய் மக்களுக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும்!

சிறு கற்கள் தாமாகவே சிறுநீரோடு வெளியேறிவிடும். பெரிய கல் சிறுநீர்ப்பையில் தங்கிவிட்டால் வேரும் கசாயமும் அதை அசைக்க மாட்டா. அப்போது எஞ்சி நின்ற வழி கத்தி ஒன்றே.

சுசுருதர் விதித்த ஓராண்டு

சுசுருதரின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் உருப்பெறத் தொடங்கியது எனலாம். சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை அது விரிவாகக் கூறுகிறது. அறுக்காவிட்டால் சாவு உறுதி. அறுத்தால் பிழைப்பது ஐயம். ஆகவே அரசனுக்குத் தெரிவித்து இசைவு பெற்ற பின்னரே தொடங்க வேண்டும் என்கிறது. நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, முழங்கால்களை மடக்கிக் கட்டி, ஆசனவாய் வழியே இரு விரல்களைச் செலுத்திக் கல்லைக் கீழ்நோக்கிக் கொணர்ந்து, நடுத் தையலுக்கு இடப்புறம் சற்றே விலகிக் கீற வேண்டும். கல்லின் ஒரு துணுக்குக்கூட உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் அதுவே மீண்டும் வளரும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

அறுவை முடிந்த பின் வரும் பகுதிதான் நமக்கு முக்கியமானது. நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்த வேண்டும். சிறுநீர்ப்பையில் குருதி தேங்காதிருக்க இது உதவும். அப்படியும் தேங்கினால் குழல் வழியாகக் கசாயம் செலுத்திக் கழுவ வேண்டும். புண்ணில் தேனும் நெய்யும் பூச வேண்டும். முதல் 3 நாட்கள் வெதுவெதுப்பான கஞ்சி. அதன்பின் 10 நாட்கள் வெல்லம் சேர்த்த பாலும் சிறிது சோறும். அதற்கும் பின்னரே மற்ற உணவுகள். சிறுநீர் 7 நாட்களுக்குள் தன் இயல்பான வழிக்குத் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். திரும்பாவிட்டால் புண்ணைச் சூட்டுக்கோலால் சுட வேண்டும்.

புண் ஆறிய பிறகும் விதிகள் முடிவதில்லை. ஓராண்டுக் காலம் குதிரை, யானை, தேர் ஆகியவற்றில் ஏறக் கூடாது. மலையும் மரமும் ஏறக் கூடாது. நீந்தக் கூடாது. உடலுறவு தவிர்க்க வேண்டும். கடின உணவு உண்ணக் கூடாது. இன்றைய மருத்துவர் சில வாரங்களுக்கு 'சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டாதீர்கள், பளு தூக்காதீர்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக் கொள்ளுங்கள்' என்று கூறுவதும், அந்தப் பழைய ஆசிரியர் குதிரையையும் தேரையும் விலக்கியதும் ஒரே காரணத்தால்தான். அடிவயிற்றிலும் இருக்கையிலும் அழுத்தம் ஏற்பட்டால் புதுப் புண்ணிலிருந்து குருதி கசியும்.

நாள் எண்ணிக்கை தந்திருப்பதைக் கவனியுங்கள். 3 நாட்கள், 7 நாட்கள், 10 நாட்கள், ஓராண்டு என்று காலம் குறித்திருப்பவர், நோயாளியைத் தொடர்ந்து பார்த்தவராகவே இருக்க வேண்டும். அறுத்துவிட்டு அகன்று சென்றவரால் இவ்வளவு நுணுக்கமாக எழுத இயலாது.

ஜாக் துறவியின் வழக்கம்

அகன்று சென்றவர்களும் வரலாற்றில் உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவர்களின் உறுதிமொழி, கல்லறுவையைத் தாம் செய்யாமல் அதற்கெனப் பழகியவர்களிடம் விட்டுவிடுமாறு கூறியது. ஐரோப்பாவில் அப்பணி பல நூற்றாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிய கல்லறுப்போர் கையில் இருந்தது. இவர்களுள் புகழ் பெற்றவர் பிரான்சு நாட்டின் ஜாக் துறவி. செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை முற்றுகையிட்டிருந்த காலத்தில், 1697-ல், அவர் பாரிசு நகருக்கு வந்தார். கல்லை எடுப்பது தம் வேலை, ஆற்றுவது ஆண்டவன் வேலை என்பது அவர் சொல்லும் வழக்கமாம். புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலோ பின்னர் வந்து பார்ப்பதிலோ அவர் நாட்டம் செலுத்தவில்லை.

அடுத்த ஆண்டில் அவர் பாரிசில் அறுத்த 60 பேரில் 25 பேர் இறந்தனர். மருத்துவர்கள் வெகுண்டனர், அவர் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் உடற்கூற்றை ஆராய்ந்து பயின்று தம் முறையைத் திருத்திக் கொண்ட பின் அவரது அறுவைகள் பெரிதும் சிறந்தன. அதே பாதையை மேலும் செப்பனிட்ட இலண்டன் மருத்துவர் செசல்டன், மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில் ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுத்தார். அவரிடம் அறுவை செய்து கொண்ட 213 பேரில் 20 பேரே இறந்தனர். எத்தனை பேர் பிழைத்தனர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமும் இவ்வாறு மெல்ல வேரூன்றியது. எண்ணுவதற்கு, நோயாளியைப் பின்தொடர வேண்டும் அல்லவா?

பெப்பிசின் ஆண்டு விருந்து

கல்லறுவைக்குப் பின் வாழ்ந்தவர்களுள் நமக்கு நன்கு தெரிந்தவர் நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிசு. 1658 மார்ச் 26-ல், தம் 25-ஆம் வயதில், தாமசு ஹாலியர் என்பவரிடம் அறுவை செய்து கொண்டார். எடுக்கப்பட்ட கல் டென்னிசுப் பந்து அளவு இருந்தது. பிழைத்தெழுந்த பெப்பிசு, அந்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாடலானார். கல்லையும் பேழையில் வைத்துப் பாதுகாத்தார்.

அதன் பின் அவர் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். 1703-ல் இறந்தபோது உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், இடச் சிறுநீரகத்தில் 7 கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைக் கண்டனர். சிறுநீர்ப்பையில் இருந்த கல் போயிற்று. கல்லை உண்டாக்கும் உடலின் இயல்பு போகவில்லை. ஒரு கல்லை எடுப்பது ஒரு நிகழ்ச்சியின் முடிவு. நோயின் முடிவு அன்று. கல் வந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தடுப்பு முயற்சி எதுவும் இல்லாவிட்டால், பத்து ஆண்டுகளுக்குள் மீண்டும் கல் தோன்றுகிறது என்று இன்று அறிகிறோம். எடுத்த கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பி அதன் வேதியல் சேர்க்கையை அறிவதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான். பெப்பிசின் விருந்து நாளைப் போல ஆண்டுதோறும் ஒரு பரிசோதனை நாள் வேண்டும் எனலாம்.

இந்தியாவில் கல் நொறுக்கியவர்கள்

19-ஆம் நூற்றாண்டில் கத்தியே இல்லாமல் கல்லை எடுக்கும் வழி பிறந்தது. 1824-ல் பாரிசு மருத்துவர் சிவியால், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை உள்ளேயே துளைத்து நொறுக்கினார். 1835-ல் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, கத்தியால் அறுக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். நொறுக்கும் முறையில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரே இறந்தனர். மருத்துவத்தில் புள்ளியியலைப் புகுத்திய முதற் கணக்குகளுள் இது ஒன்று.

1878-ல் பாசுடன் நகர மருத்துவர் பிகலோ, கல்லை நொறுக்கி அதே அமர்வில் துகள்களை உறிஞ்சியெடுக்கும் முறையை அறிவித்தார். இம்முறை பெரும் புகழ் பெற்றது இந்தியாவில்தான். இந்தூரில் பணியாற்றிய கீகன், சிறுவர்களுக்கும் இதைச் செய்யலாம் எனக் காட்டினார். வட இந்தியாவில் பணியாற்றிய அயர்லாந்துக்காரரான பீட்டர் பிரெயர் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்தார். இராம்பூர் நவாபின் கல்லை எடுத்ததற்கு அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் பரிசாகக் கிடைத்தது. வாரக்கணக்கில் படுத்திருந்த நோயாளி சில நாட்களில் வீடு திரும்பினார் என்பதே இம்முறையின் பெரும் பேறு.

இங்கிலாந்துக்குத் திரும்பிய பிரெயர், 1900-ஆம் ஆண்டின் இறுதியில் முதியோரை வாட்டும் பிராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு அறுவை செய்யலானார். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்துள்ள இச்சுரப்பி ஆண்களுக்கு வயதாக ஆகப் பருக்கிறது, நீரடைப்பை உண்டாக்குகிறது. அடிவயிற்றைத் திறந்து விரலாலேயே அதைக் குடைந்தெடுத்த பிரெயர், பருமனான குழாய் ஒன்றைப் புண்ணில் விட்டுவைத்தார். குருதிக் கட்டிகள் அதன் வழியே வெளியேறின. அறுவையின் வேகத்தைவிட அந்தக் குழாயும் அதைக் கழுவிய செவிலியரின் பொறுமையும் பல முதியோரைக் காத்தன என்றால் மிகையாகாது.

கல் ஏன் தோன்றுகிறது என்ற ஆராய்ச்சி நம் நீலகிரியிலும் நடைபெற்றது. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குப் பல்வகை உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். பாலும் உயிர்ச்சத்து ஏ-யும் குறைந்த, மாவுணவே மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குக் கல் தோன்றியது. பால் சேர்த்தவற்றுக்குப் பெரும்பாலும் தோன்றவில்லை. இம்முடிவுகளை அவர் 1931-ல் விளக்கி எழுதினார். ஏழைச் சிறுவர்களின் சிறுநீர்ப்பைக் கல் வறுமையோடு தொடர்புடையது என்பதும், உணவு மேம்பட்டால் அது மறையும் என்பதும் பின்னர் உறுதியாயின. அறுவைக்குப் பின் உணவு பற்றிக் கேட்டறிவது இவ்வாறு அறிவியல் அடிப்படை பெற்றது.

குழாயின் கதை

சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்து கொண்டவர் எவரும் மறக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் வடிகுழாய். பழங்காலத்தில் வெண்கலத்தாலும் வெள்ளியாலும் செய்யப்பட்ட விறைத்த குழல்களே இருந்தன. இரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில் வந்த பின், வளையும் குழாய்கள் கிடைத்தன. ஆயினும் அவற்றை நழுவாமல் நிறுத்த ஒட்டுநாடாவோ நூலோ தேவைப்பட்டது. 1930-களில் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் போலி, நுனியில் சிறு பலூன் அமைந்த குழாயை உருவாக்கினார். உள்ளே சென்றதும் பலூனில் நீர் நிரப்பினால் குழாய் நழுவாது. நீரை எடுத்துவிட்டால் எளிதில் வெளிவரும். இன்றும் உலகெங்கும் 'போலி குழாய்' என்ற பெயரால் வழங்குவது இதுவே.

குழாய் வந்ததும் புதிய தொல்லையும் வந்தது. அக்காலத்தில் குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் திறந்த புட்டியில் விடப்பட்டது. காற்றிலும் தரையிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் வழியே ஏறின. நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமி தோன்றிவிடும். இலண்டன் மருத்துவர் டியூக்சு 1928-லேயே மூடிய வடிகால் முறையைப் பரிந்துரைத்தார். அமெரிக்காவில் கியூனினும் மெக்கார்மக்கும் 1966-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே மூடிய பை எங்கும் பரவியது. பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே வைத்திருத்தல், இணைப்பை வீணாகக் கழற்றாமை, தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுதல் என்னும் எளிய மூன்று விதிகளும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவையே. வீட்டுக்குக் குழாயோடு அனுப்பப்படும் நோயாளிக்கு இவற்றைவிடச் சிறந்த மருந்து வேறில்லை.

வேலூரில் கண்ட எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் இத்துறை தழைத்த இடங்களுள் முதன்மையானது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்குச் சிறுநீர்ப் பாதை அறுவையில் பெயர் பெற்ற டாக்டர் பட் அவர்களிடம் மருத்துவம் பெற்றவர்களுள் ஒருவர் தந்தை பெரியார். முதுமையில் சிறுநீர் தானாக வெளியேறாத நிலை ஏற்பட்டதால், குழாய் வழியாக அதை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குழாயோடும் சிறுநீர் சேரும் கலத்தோடும் அவர் வேனில் ஊர் ஊராகச் சென்று பேசியதை நேரில் கண்ட பலர் எழுதியுள்ளனர். மணியம்மையார் உடனிருந்து பணிவிடை செய்தார். 1973 டிசம்பர் 19-ல் சென்னைத் தியாகராய நகரில் தம் கடைசிக் கூட்டத்தில் பேசிய பெரியார், டிசம்பர் 24-ல் வேலூர் மருத்துவமனையில், தம் 94 வயதில் காலமானார்.

அவருடைய கொள்கைகளைப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், மருத்துவ நோக்கில் இந்த எடுத்துக்காட்டுக் கற்பிப்பது ஒன்றுண்டு. வடிகுழாய் பொருத்தப்பட்டவர் வீட்டு மூலையில் முடங்க வேண்டியதில்லை. குழாயைக் குறித்த காலத்தில் மாற்றினால், அருகில் இருப்பவர் தூய்மையாகப் பேணினால், அவர் பேருந்தில் ஏறலாம், கூட்டத்தில் அமரலாம், வேலை பார்க்கலாம். சிறுநீர்ப் பையைத் துண்டால் மறைத்துக் கொண்டு கூசி நிற்கும் முதியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே வேலூரில் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதல் வெற்றி இதுவே. 1965-ல் பம்பாயில் நடந்த முயற்சியில் நோயாளி சில நாட்களே பிழைத்திருந்தார். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க நாள்தோறும் மருந்து உண்ண வேண்டும்; குருதியை அடிக்கடி சோதித்து மருந்தின் அளவைத் திருத்த வேண்டும். இங்குத் தொடர் மருத்துவம் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. ஓரிரு வாரம் மருந்தை நிறுத்தினாலே, ஒருவர் மனமுவந்து கொடுத்த உறுப்பு வீணாகிவிடக் கூடும்.

மறந்துபோன குழல்

1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உடலுக்கு வெளியேயிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை நொறுக்கும் முறை நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறையை அதற்கு முன்பே, 1976-ல், சுவீடன் நாட்டினர் அறிவித்திருந்தனர். இன்று நோயாளி ஓரிரு நாட்களில் நடந்தே வீடு திரும்புகிறார். இந்த விரைவே புதிய ஆபத்துக்கும் வழி கோலியது.

கல் எடுத்த பின் சிறுநீரகத்திலிருந்து நீர் தடையின்றி இறங்க, மருத்துவர் மெல்லிய குழல் ஒன்றை உள்ளே விட்டு வைப்பதுண்டு. 1978-ல் பின்னி என்பவர் விளக்கிய இக்குழலின் இரு முனைகளும் கொக்கி போல் வளைந்திருக்கும். அதனால் 'டபுள் ஜே' எனப் பெயர் பெற்றது. ஒரு கொக்கி சிறுநீரகத்திலும் மற்றது சிறுநீர்ப்பையிலும் தங்கும். வெளியில் எதுவும் தெரியாது. இது தற்காலிக ஏற்பாடு; சில வாரங்களில், பொதுவாக மூன்று மாதங்களுக்குள், எடுத்துவிட வேண்டும்.

வலி நின்றுவிட்டது. மல்லாட்டை பிடுங்கும் பருவமோ நெல் அறுவடையோ வந்துவிட்டது. மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். 'நன்றாகத்தானே இருக்கிறேன், பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று நோயாளி எண்ணுகிறார். மாதங்கள் ஆண்டுகளாகின்றன. உள்ளே இருக்கும் குழலின் மீது சிறுநீரிலுள்ள உப்புகள் படிந்து, குழலே ஒரு கல்லாக மாறுகிறது. சில வேளைகளில் அது துண்டுகளாக முறிகிறது. சிறுநீரகம் மெல்ல மெல்ல, பல சமயம் வலியே இல்லாமல், பழுதாகிறது. பத்து நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது இரண்டு மூன்று பெரிய அறுவைகளாகிறது. சிலருக்குச் சிறுநீரகத்தையே அகற்ற நேரிடுகிறது. ஜாக் துறவியின் காலத்தில் மருத்துவர் நோயாளியை விட்டுச் சென்றார். நம் காலத்தில் நோயாளி மருத்துவரை விட்டுச் செல்கிறார். விளைவு இரண்டிலும் ஒன்றுதான்.

மீண்டும் வரச் சொல்வது எதற்காக?

மருத்துவமனைச் சீட்டில் குறித்துக் கொடுக்கப்படும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காரணம் உண்டு. அவற்றுள் முக்கியமானவற்றைப் பார்ப்போம்.

முதல் இரு வாரங்கள்: பிராஸ்டேட் அறுவைக்குப் பின் உட்புண்ணின் பொருக்கு 10 முதல் 14 நாட்களில் உதிரும். அப்போது சிறுநீர் மறுபடி சிவக்கலாம். சிறிதளவு என்றால் நீர் பருகி ஓய்வெடுத்தால் தெளியும். கட்டி கட்டியாகக் குருதி வந்தாலோ, நீர் அடைத்துக் கொண்டாலோ, குளிரும் காய்ச்சலும் கண்டாலோ குறித்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சதை ஆய்வின் முடிவு: அகற்றிய சதை நுண்ணோக்கியின் கீழ் ஆராயப்படுகிறது. அதன் அறிக்கை பெரும்பாலும் நோயாளி வீடு சென்ற பிறகே வரும். சாதாரண வீக்கம் என்று எண்ணியதில் புற்று மறைந்திருப்பது சிலருக்கு அப்போதுதான் தெரிய வருகிறது. குறித்த நாளில் செல்லாதவர் அந்தச் செய்தியை அறியாமலே இருந்துவிடுவார்.

மூன்றாம் மாதம்: சிறுநீர்ப்பைப் புற்றுக் கட்டியை அகற்றிக் கொண்டவருக்கு, மூன்று மாதங்கள் கழித்து உள்நோக்கியால் பையைப் பார்ப்பது வழக்கம். அக்கட்டி திரும்பத் திரும்பத் தோன்றும் இயல்புடையது. சிறிதாக இருக்கையில் கண்டால் எளிதில் அகற்றலாம்.

பின்வரும் மாதங்கள்: கருவி சென்ற வழியில் தழும்பு ஏற்பட்டுச் சிறுநீர்ப் பாதை குறுகலாம். நீர்த்தாரை நாளடைவில் மெலிந்து வந்தால் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

நீர் பருகுவது பற்றியும் ஒரு சொல். கல் நோயாளிகள் நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் பருக வேண்டும். வெயிலில் உழைப்பவருக்கு வியர்வையாகவே பெரும்பகுதி போய்விடுவதால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மேல்சித்தாமூர் வட்டாரச் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்த பின் உண்ணாமையும், சில நாட்களில் நீரும் பருகாத நோன்பும் நெடுநாளைய ஒழுக்கங்கள். பிற சமயத்தாரிடமும் இத்தகைய நோன்புகள் உண்டு. இவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பகற்பொழுதிலேயே நீரின் அளவைப் பகிர்ந்து கொள்ளவும், புண் ஆறும் வரை நோன்பைத் தள்ளி வைக்கவும் அவர் வழி கூறுவார். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் நீரின் அளவைத் தாமாகக் கூட்டவும் கூடாது. அதே போல, நெருஞ்சிக் கசாயம் குடிப்பவரும் அதை மருத்துவரிடம் தெரிவிக்கலாம். கசாயம் குடிக்கிறோம் என்பதற்காக உள்ளே இருக்கும் குழலை எடுக்காமல் விடலாகாது.

தொலைவும் கடமையும்

செஞ்சிப் பகுதி மக்களுக்கு முன்னாட்களில் பெரிய அறுவை என்றால் வேலூரோ புதுச்சேரியோ சென்னையோதான் கதி. 2010-ல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின் தொலைவு குறைந்துள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே நலப் பணியாளர்கள் வீட்டு வாயிலுக்கே வருகின்றனர். இருந்தாலும் உள்ளே குழல் இருப்பது எவருக்கும் வெளியிலிருந்து தெரிவதில்லை. நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு இங்கு ஒரு பணி உண்டு. வீட்டில் தாத்தாவோ மாமாவோ அறுவை செய்து கொண்டு வந்திருந்தால், அவர் கொண்டு வந்த சீட்டை வாங்கிப் படியுங்கள். உள்ளே குழல் வைக்கப்பட்டுள்ளதா, எப்போது எடுக்க வேண்டும், அடுத்து எந்தத் தேதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அதற்கு முந்திய நாள் நினைவூட்டுங்கள். முடிந்தால் துணைக்குச் செல்லுங்கள். 3 நாட்கள், 7 நாட்கள், ஓராண்டு என்று கணக்கிட்ட அந்தப் பழைய ஆசிரியர் செய்ததும் இதைத்தான். அதைச் செய்யக் கத்தி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.